அலாரம் அடித்தால் ஓடக்கூடாது

1

2025 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. இரவு எட்டு மணி ஐம்பத்தொரு நிமிடம். ஹூஸ்டனில் தூறல், ஈரக்காற்று. காலையிலிருந்து வெயிலே இல்லை. அந்த நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு தீயணைப்பு வண்டி வந்து நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். எதிர் வரிசையில் ஐந்து வீடுகளின் சன்னல் திரைகள் விலகின. வீட்டுக்குள் நான் ஒருவன்தான். என் கையில் நெருப்பு இருந்தது.

எதைச் சொன்னாலும் எண்ணிக்கையோடு சொல்கிறேன் என்று ஊரிலிருந்து சிலர் கேலி செய்வதுண்டு. முப்பத்தொரு வருடம் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவன் நான். காலையில் ஒவ்வோர் அறைக்குள்ளும் எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணி அனுப்ப வேண்டும். எங்காவது பொறி தெரிந்து எல்லோரும் ஓடினால், வேலி ஓரத்தில் நின்று வந்தவர்களை எண்ண வேண்டும். போன கணக்கும் வந்த கணக்கும் ஒன்றாகும்வரை மூச்சு விட முடியாது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியைக்கூட எண்ணிவிட்டுத்தான் இலை முன் உட்காருவேன்.

தீயணைப்பு வண்டி ஏன் வந்தது என்று சொல்ல வேண்டுமானால் என் மகளின் வேலையிலிருந்து தொடங்க வேண்டும்.

2

மகள் செல்வி இங்கே விண்வெளி வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையம் ஒன்றில் இருக்கிறாள். "ராக்கெட்டுல என்ன வேலை?" என்று விருதுநகரில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவள் ராக்கெட்டைத் தொடுவதே இல்லை. விண்கலம் மாதிரியே ஒன்றைச் செய்து தரையில் நிறுத்தியிருக்கிறார்கள். அதே நாற்காலி, அதே சுவிட்சுகள். வீரர்கள் அதற்குள் உட்கார்ந்து பழகுவார்கள். சில நாள் தலையில் ஒரு பெரிய கண்ணாடியை மாட்டிக்கொள்வார்கள். மாட்டியதும் காலுக்குக் கீழே பூமி தெரியும். தலையைத் திருப்பினால் அந்தப் பக்கம் இருப்பது தெரியும். கையை நீட்டிக் கம்பியைப் பிடிக்கலாம், கம்பி அங்கே இருக்காது. செல்வி பக்கத்து அறையில் உட்கார்ந்து அவர்களுக்குச் சொல்லாமல் கோளாறுகளை அனுப்புவாள். காற்று கசிகிறது. விளக்கு போய்விட்டது. நெருப்பு. நிஜத்தில் ஒரே ஒரு தடவை வரக்கூடியதை, அல்லது வராமலே போகக்கூடியதை, அவர்கள் நூறு தடவை பார்த்துப் பழகியிருக்க வேண்டும் என்பாள்.

குடும்பத்தாரை உள்ளே விடும் நாள் ஒன்றில் என்னையும் கூட்டிப்போனாள். அந்தப் பொய்க் கலத்தை எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கதவைத்தான் பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது.

"ஏம்மா, இதுல நெருப்புப் பிடிச்சா எந்தப் பக்கம் ஓடுவாக?"

"ஓட மாட்டாகப்பா. முதல்ல முகமூடிய மாட்டுவாக. எல்லாரும் இருக்காகளான்னு எண்ணுவாக. அப்புறம் புத்தகத்தைப் பார்த்து ஒண்ணொண்ணாச் செய்வாக."

"நெருப்புக்குள்ள ஒக்காந்து புத்தகமா?"

"வேற வழி? அங்க வெளியன்னு ஒரு இடமே கிடையாதுல்ல."

அந்த எண்ணுகிற விஷயம் மட்டும் எனக்குப் பிடித்தது. மற்றது ஒத்துவரவில்லை. எங்கள் தொழிலே வெளியே என்ற ஒன்றை நம்பி நடப்பது. அறைக் கதவுகள் எல்லாம் வெளிப்பக்கமாகத் திறக்கும். தாழ்ப்பாள் போடக்கூடாது. கதவு நிலைப்படியில் ஒரு செருப்புக் கிடந்தாலும் நான் சத்தம் போடுவேன். பொறி தெரிந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு, திரும்பிப் பார்க்காதே, தூக்குச்சட்டியை எடுக்காதே. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். வேகமாக ஓடத் தெரியாதவளுக்கு நான் வேலை கொடுத்ததில்லை. விருதுநகரில் நான் கட்டிய வீட்டுக்கும் வாசல் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரிதான் வைக்கச் சொன்னேன். ஆசாரி சிரித்தார். வைத்துக்கொடுத்தார்.

செல்வியின் வீட்டு வாசல் கதவு உள்பக்கம் திறக்கிறது. நான் இங்கே வந்து தங்கிய ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதை மாற்றக் குடியிருப்புச் சங்கத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்கிறாள். தெருவுக்கு ஒரு சங்கம், கதவின் நிறத்துக்கு ஒரு விதி, திறக்கும் திசைக்கு ஒரு விண்ணப்பம். விண்ணப்பம் இன்னும் போகவில்லை.

3

இரண்டு வருடத்துக்கு முன் நான் தனியாக ஊருக்குப் போனேன். நடுவில் விமானம் மாறும் ஊரில், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அலாரம் அடித்தது. சோதனைக்காக அடித்தது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது தெரியாது. பாஸ்போர்ட் இருந்த பையைப் போட்டுவிட்டு, கண்ணில் பட்ட முதல் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவிட்டேன். அது யாரும் திறக்கக்கூடாத கதவு. வெளியே விமானங்கள் நிற்கும் வெட்டவெளி. இரண்டு ஜீப்புகள் வந்தன. ஒன்பது மணி நேரம் ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள், இரண்டு தடவை தேநீர் கொடுத்தார்கள். ஆனால் விமானம் போய்விட்டது, நான் எங்கே இருக்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த ஒன்பது மணி நேரத்தில்தான் சாத்தூரிலிருந்த என் அக்கா மாரியம்மாள் நேர்ந்துகொண்டாள். தம்பி பத்திரமாக வந்து சேர்ந்தால், விருதுநகர் மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கலில் மூன்று வருடம் அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று. மறுநாள் நான் ஊர் வந்து சேர்ந்தேன். அக்காவுக்கு எழுபத்தொன்பது வயது. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய காசில் என்னை பி.எஸ்சி. வேதியியல் படிக்கவைத்தவள். எங்கள் வீட்டு வழக்கப்படி, யாருக்காக நேர்ந்ததோ அவர் கடைசி வருடம் சட்டிக்குப் பக்கத்தில் வேப்பிலையோடு கோயில்வரை நடக்க வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது. சட்டியை இறக்கக் கூடாது. இல்லாவிட்டால் நேர்த்தி நிறைவாகாது.

இது மூன்றாவது வருடம்.

"தனியா விட மாட்டேன்," என்றாள் செல்வி. அவளுக்கு விடுப்பு இல்லை. ஏப்ரலில் ஒரு குழு மேலே போகிறது, கடைசிப் பயிற்சிகள் எல்லாம் அவள் தலையில். மாப்பிள்ளை கடலுக்குள் எண்ணெய்க் கிணற்றில் வேலை. பதினான்கு நாள் அங்கே, பதினான்கு நாள் இங்கே. நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து உட்கார்ந்தாள்.

"சரி. எங்க ஆளுகளுக்குக் குடுக்குற மாதிரி உங்களுக்கும் ட்ரெயினிங் குடுக்குறேன். பாஸாயிட்டா போங்க. அலாரம் அடிச்சா ஓடக்கூடாது. ஓடுனீகன்னா டிக்கெட் கேன்சல். பேச்சே கிடையாது."

என்னோடு பேசினால்தான் அவளுக்குச் சாத்தூர்ப் பேச்சு வரும், கோபம் வந்தால் இன்னும் கூடும். மற்ற நேரத்தில் அவள் யார் மகள் என்று கண்டுபிடிப்பது சிரமம்.

4

ஜனவரியிலிருந்து சனிக்கிழமை தோறும் பயிற்சி. விமானம் மாறும் அந்த இடத்தைக் கம்ப்யூட்டரில் அவளே கட்டினாள். அதே நீளப் பாதை, அதே நாற்காலி வரிசை, அதே கதவு. கூடத்தில் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, என் தலையில் கண்ணாடியை மாட்டி, கையில் ஒரு நிஜப் பையைக் கொடுப்பாள். முதல் நாள் தலை சுற்றி வாளியில் வாந்தி எடுத்தேன். விண்வெளி வீரர்களும் எடுப்பார்கள் என்று அவள் சொன்னது கொஞ்சம் ஆறுதல்.

பேத்தி நிலாவுக்குப் பதினொரு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் பிள்ளை. இந்த விளையாட்டில் அவள்தான் குடியேற்ற அதிகாரி. அந்த மூன்று மாதத்தில் அவள் என்னோடு பேசிய தமிழ் அதற்கு முந்தைய மூன்று வருடத்தில் பேசியதைவிட அதிகம்.

"பர்பஸ் ஆஃப் விசிட்?" என்பாள், குரலைக் கனமாக்கிக்கொண்டு.

"மை சிஸ்டர் இஸ் கேரியிங் ஃபயர்."

"ஐயோ தாத்தா! அப்படிச் சொன்னா அரெஸ்ட் பண்ணிடுவாங்க! ஃபேமிலி ஃபங்ஷன்னு சொல்லுங்க."

"ஃபேமிலி ஃபங்ஷன்."

"ஃபயர்னு வாயே திறக்கக்கூடாது. ஓகே?"

என் அக்காவுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'ஃபயர் பாட்டி'.

செல்வி ஒவ்வொரு வாரமும் ஒரு கோளாறு அனுப்பினாள். வாயில் எண் மாறிவிட்டது, கண்டுபிடித்தேன். போர்டிங் பாஸ் காணோம்; பதறாமல் கவுண்டருக்குப் போனேன். பிறகு அலாரம். முதல் தடவை நான் பையைப் போட்டுவிட்டு நாலு எட்டு ஓடி சோபாவில் விழுந்தேன். இரண்டாவது தடவையும் அப்படியே. செல்வி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். "அடிச்சதும் பையைப் பிடிங்க. ஒக்காந்த இடத்துலயே பத்து எண்ணுங்க. பக்கத்துல இருக்கவுக என்ன செய்றாகன்னு பாருங்க. அவுக எந்திரிச்சா நீங்களும் எந்திரிங்க."

எண்ணச் சொன்னது நல்லதாகப் போயிற்று. அது எனக்குத் தெரிந்த வேலை. ஆறாவது, ஏழாவது தடவையில் நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மார்ச் முதல் வாரம் டிக்கெட் எடுத்துக்கொடுத்தாள். ஒரே ஒரு பரீட்சை பாக்கி, எப்போது என்ன வரும் என்று சொல்ல மாட்டேன் என்றாள். நான் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஏலே, நெசமாவா வார?"

"டிக்கெட் கையில இருக்குக்கா."

"போன தடவையும் கையிலதான் இருந்துச்சு. வந்து நில்லு, நம்புதேன்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். "செல்வி, உன் மெஷின்ல எல்லாம் இருக்கு. பார்க்க, கேக்க எல்லாம். வாசம்தான் இல்ல. வாசம் இல்லாத இடத்துல மனுசன் இருக்கிறதா நம்ப முடியல."

செல்வி சிரித்தாள். நிலா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

5

மார்ச் 15, சனிக்கிழமை, காலை பத்தரை. கூடத்தில் நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். நாற்காலி வரிசை தெரிகிறது. பையைப் பிடித்திருக்கிறேன். செல்வி அலாரத்தை அடித்தாள். சரி, இது தெரிந்ததுதான். ஒன்று, இரண்டு, மூன்று.

நாலு எண்ணும்போது மத்தாப்பு வாசம் வந்தது.

தீபாவளிக்கு இங்குள்ள இந்தியக் கடையில் வாங்கிய பெட்டியில் கம்பி மத்தாப்பு மிச்சம் இருந்தது. தாத்தாவின் பரீட்சை நிஜம் மாதிரி இருக்கட்டும் என்று, திறந்திருந்த சன்னலுக்கு வெளியே நின்று நிலா ஒன்றைக் கொளுத்தியிருக்கிறாள். செல்விக்கு அது தெரியாது. செல்வி அலாரம் அனுப்பப்போகும் நிமிடம் நிலாவுக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்து வந்தன.

உங்களில் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அலுமினியத் தூளும் வெடியுப்பும் எரியும் அந்த வாசம், கூடவே அந்தச் சீறல். பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஊர். சாத்தூர் ரோட்டில் ஆலை பஸ் திரும்பும்போது காலையில் முகத்தில் அடிக்குமே, அந்தக் காற்று வந்தது. ஆறு வருடம் நான் எதைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று அந்தக் கணத்தில்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த அதே கணத்தில் கால் ஓடத் தொடங்கிவிட்டது.

பை எங்கே விழுந்ததோ. கண்ணாடியோடு கூடத்தைத் தாண்டி வாசல் கதவுக்குப் போய்விட்டேன். கண் அந்த விமான நிலையத்தில், கால் செல்வி வீட்டில், கை மட்டும் ஆலை அறையில். இரண்டு கையாலும் கதவை வெளிப்பக்கமாக ஓங்கித் தள்ளினேன். அது உள்பக்கம் திறக்கும் கதவு.

இடது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

செல்வி ஓடிவந்து கண்ணாடியைக் கழற்றினாள். நான் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தேனாம். அவள்தான் பிறகு சொன்னாள்.

"எத்தனை பேர் வெளிய வந்தாக? எண்ணுனியா?"

"ரெண்டு பேர்தான்ப்பா இருந்தோம். நானும் நிலாவும். ரெண்டு பேரும் இங்கன உங்க பக்கத்துலதான் இருக்கோம்."

"சரியா எண்ணு."

"எண்ணிட்டேன்ப்பா."

அவள் அழுததை நான் பார்த்தேன். கல்யாணமாகிப் புறப்பட்ட நாளுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

நிலா எரிந்து தீர்ந்த மத்தாப்புக் கம்பியோடு வந்து தானே எல்லாவற்றையும் சொன்னாள். யாரும் திட்டவில்லை.

6

ஆஸ்பத்திரியில் என் பெயர் எஃப்.என்.யூ. எனக்கு அப்பா பெயர் இனிஷியலாகவும் என் பெயர் பெயராகவும் இருக்கின்றன. நமக்கு அது போதும். இந்த நாட்டுக் கம்ப்யூட்டருக்குப் போதாது. முதல் பெயர் தெரியாதவர் என்பதன் சுருக்கமாக மூன்று எழுத்தை எல்லாக் காகிதத்திலும் போட்டிருக்கிறார்கள். "மிஸ்டர் ஃப்னு! மிஸ்டர் ஃப்னு!" என்று ஒரு நர்ஸ் கூடத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். யாரோ பாவம் காது கேட்காதவர் போல என்று நான் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் அது நான் என்று தெரிந்தது. தகடும் ஐந்து திருகாணியும் வைத்தார்கள். ஆறு வாரம் பயணம் வேண்டாம் என்றார் டாக்டர். காப்பீட்டுக்காரர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று: விபத்து நடந்த இடம் எது? வீடு என்று எழுதினாள் செல்வி. எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை.

அக்காவிடம் சொல்ல நாலு நாள் ஆயிற்று.

"அக்கா, வர முடியாது போலருக்கு."

அவளுக்குப் பின்னால் தெருவில் பால்காரன் மணி அடிப்பது கேட்டது.

"கைதானல ஒடஞ்சிருக்கு? கால் நல்லாருக்குல்ல?"

"நல்லாருக்கு."

"அப்ப அங்கன இருந்தே நட. முருகேசன் போனைப் பிடிச்சுக்கிட்டு என் பக்கத்துலயே வருவான். நான் நடக்கைல நீயும் நட. நான் எறக்குனப்புறம் நில்லு. ஆத்தாவுக்குத் தெரியாதா நீ எங்கன இருக்கன்னு?"

முருகேசன் அக்காவின் மகன். சாத்தூரில் தீப்பெட்டி லோடு ஏற்றும் வண்டி ஓட்டுகிறான்.

7

இங்கே ஞாயிறு இரவு எட்டு முப்பது என்றால் அங்கே திங்கள் காலை ஏழு. செல்வி வேலைக்குப் போயிருந்தாள். அன்று அவள் குழுவுக்குப் பெரிய ஒத்திகை. வீட்டில் நானும் நிலாவும்.

அக்கா நெருப்போடு நடக்க, நான் வெறுங்கையோடு நடப்பதா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. பூச்செடிக் கடையில் வாங்கிய ஒரு மண்சட்டி. அடியில் ஓட்டை, மணல் போட்டு அடைத்தேன். தேங்காய்ச் சிரட்டைத் துண்டுகள், கொஞ்சம் சூடம், தொட்டியில் வளர்க்கும் வேப்பங்கன்றில் ஒரு கொத்து. சட்டிக்கு அடியில் ஈரத் துணியைச் சுருட்டி வைத்தேன். தண்ணீர் வாளி ஒன்று, மணல் வாளி ஒன்று. சன்னல்களைத் திறந்தேன். வாசல் கதவை முழுக்கத் திறந்து, திரும்ப மூடாதபடி கட்டை வைத்தேன். போர்மேன் புத்தியில் எல்லாம் சரியாகத்தான் செய்தேன். மேலே மட்டும் பார்க்கவில்லை.

முருகேசன் போனில் வந்தான். என் பூட்டிய வீட்டு வாசலில் வைத்துத்தான் அக்கா சட்டி எடுத்தாள். மஞ்சள் சேலை, கழுத்தில் வேப்பிலை மாலை. கதவில் பூட்டுத் தெரிந்தது. "ஆகோ... அய்யாகோ..." என்று நாலு பக்கமும் சட்டி எடுப்பவர்களின் சத்தம்.

"மாமா, கெளம்பிட்டோம். நடக்கீகளா?"

"நடக்கேன்."

நிலா போனைப் பிடித்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே பின்னோக்கி நடந்தாள். வாசல் நடையில் அந்தக் கோடிவரை, அடுப்படி, கூடம், திரும்ப நடை. வலது கையில் சட்டி, கட்டுப்போட்ட இடது கையில் வேப்பிலை. அக்கா பஜாருக்குள் திரும்பியபோது நான் அடுப்படியில் திரும்பினேன். வெயில் அவள் முகத்தில் அடித்தது. வழியில் யாரோ அவள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். இங்கே என் காலில் கம்பளம்.

அக்கா தெப்பக்குளம் பக்கம் போகும்போது இங்கே வீட்டில் அலாரம் அடித்தது.

புகை பட்டால் அடிக்கும் பெட்டி ஒவ்வோர் அறைக் கூரையிலும் உண்டு; ஒன்று அடித்தால் எல்லாம் அடித்து, தீயணைப்பு நிலையத்துக்கும் தானே தகவல் போகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். ஒரு பெண் குரல் இங்கிலீஷில் நெருப்பு, நெருப்பு என்று கத்துகிறது. நிலாவின் முகம் வெளுத்துவிட்டது.

"தாத்தா! ஓடணும்!"

"நீ போம்மா. போனைச் சட்டைப் பையில வச்சுட்டு, வெளிய தபால் பெட்டி பக்கத்துல நில்லு. ஓடு."

என் சட்டைப்பையில் போனை நிறுத்திவைத்துவிட்டு அவள் ஓடினாள். நல்ல வேகமான ஓட்டம். நானாக இருந்தால் அவளுக்கு வேலை கொடுத்திருப்பேன். ஒரு ஆள் உள்ளே, ஒரு ஆள் வெளியே, கணக்கு சரி.

என் காலிரண்டும் கதவைப் பார்த்துத் திரும்பின. மறைக்காமல் சொல்கிறேன், சட்டியைப் போட்டுவிட்டு ஓட உடம்பு முழுக்கத் தயாராக இருந்தது. கதவும் திறந்துதான் இருந்தது. சட்டைப்பையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. மூச்சு வாங்கியது.

"என்னல அங்கன அம்புட்டுச் சத்தம்?"

"மேளம்க்கா."

"அமெரிக்காவுலயா?"

"மேளம்தான்க்கா. நீ நட. நான் கூடவே வாரேன்."

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். பத்து தாண்டியது. நூறு தாண்டியது. நடந்துகொண்டே இருந்தேன்.

எட்டு ஐம்பத்தொன்றுக்கு வண்டி வந்தது. முதலில் உள்ளே வந்தவர் நிலையில் தலை இடிக்கும் உயரம். என்னையும் சட்டியையும் இரண்டு வாளியையும் பார்த்தார். ஏதோ கேட்டார். எனக்கு நிற்கவும் முடியாது, இங்கிலீஷும் வரவில்லை. அவருக்குப் பின்னாலிருந்து நிலா எட்டிப்பார்த்தாள்.

"ஃபேமிலி ஃபங்ஷன்," என்றாள்.

பிறகு வேகமாக என்னவோ சொன்னாள். சிஸ்டர், இண்டியா, வாக்கிங் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அந்த மனிதர் இன்னொருவரிடம் சொல்லி அலாரத்தை அடக்கினார். பிறகு சிவப்பு உருளையை, அந்தத் தீயணைப்பானைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னாலேயே நடந்தார். நடையில் போனால் நடையில், அடுப்படியில் திரும்பினால் அடுப்படியில். அவருக்குப் பின்னால் நிலா. கடைசியில் எங்களுக்கும் ஒரு ஊர்வலம் அமைந்துவிட்டது.

"எறக்கியாச்சு மாமா!" என்று முருகேசன் கத்தினான்.

சட்டியை மணல் வாளிக்குள் இறக்கினேன். அந்த மனிதர் நெருப்பை ஒரு தடவை சரிபார்த்தார், என் உடைந்த கையைப் பார்த்தார், தலையை அசைத்துவிட்டு ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார். பெயர் என்ன என்று கேட்டார். என் பெயரை முழுசாகச் சொன்னேன். நான் சொன்னபடியே எழுதிக்கொண்டார்.

8

செல்வி பத்து மணிக்கு வந்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் ஏற்கனவே செய்தி அனுப்பியிருந்தார்கள். கையில் சாவியோடு அப்படியே நின்றாள்.

"வீட்டுக்குள்ள சூடம் கொளுத்துனீகளா? அறிவு இருக்கா உங்களுக்கு? பிள்ளைய வச்சுக்கிட்டு!"

"பிள்ளைய முதல்ல வெளிய அனுப்பிட்டேன்."

"அலாரம் அடிச்சுச்சுல்ல?"

"அடிச்சுச்சு."

"நீங்க ஓடலையா?"

"ஓடல."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேலை செய்யும் இடத்தில் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இப்படித்தான் ஆட்களைப் பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு செருப்பைக் கழற்றினாள்.

"அப்பப் பாஸ்," என்றாள். "சாப்பிட்டீகளா?"

மறுநாள் அக்கா கூப்பிட்டாள். கையில் கொப்புளம் இல்லை என்று காட்டினாள். சட்டிச் சாம்பலைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறாளாம். தபாலில் அனுப்ப மாட்டாளாம். வந்து பூசிக்கொள்ள வேண்டுமாம். கை எப்படி இருக்கிறது, கதவை மாற்றினார்களா என்று கேட்டுவிட்டு, கடைசியில், "நீ தூக்குன சட்டி எம்புட்டுல?" என்றாள்.

மூன்று டாலர் நாற்பது சென்ட். ரூபாயில் சொன்னேன், சுமார் இருநூற்றுத் தொண்ணூறு.

"ஒரு மண்சட்டிக்கா? படிச்சவன்னு பேரு! நல்லா ஏமாந்துட்டு வந்திருக்கியேல!"

மற்ற கணக்கை அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். திரும்பி வராத டிக்கெட் காசு, ஆஸ்பத்திரியில் எங்கள் பங்கு, தேவையில்லாமல் வண்டியை வரவழைத்ததற்கு நகராட்சி போட்ட தொகை, இந்தச் சட்டி, எல்லாம் சேர்த்து இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். நாலாயிரத்து நானூற்று முப்பத்தேழு டாலர், நாற்பது சென்ட்.